கழற்றிப் பூட்டிய கைகள்: ஜி. டி. நாயுடு

கோயம்புத்தூருக்கு அருகே கலங்கல் என்றொரு சிற்றூர். அங்கே கோபாலசாமி நாயுடு என்னும் உழவருக்கு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் ஓர் ஆண் மகவு பிறந்தது. துரைசாமி எனப் பெயரிட்டனர். தாயின் முகம் மனத்தில் பதியும் முன்பே தாயை இழந்த பிள்ளை. பள்ளிக்கு அனுப்பினார்கள். பாடம் ஏறவில்லை என்பதைவிட, உட்கார முடியவில்லை என்பதே பொருந்தும். ஒரு நாள் மணலை வாரி ஆசிரியர் முகத்தில் இறைத்துவிட்டு ஓடிவிட்டாராம். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. இதைப் பள்ளி ஆண்டு மலரில் எழுதலாமா என்று எனக்கே தயக்கம்தான். அருட்சகோதரிகள் பொறுத்தருள வேண்டும். மாணவிகளும் மணல் கதையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடக் கூடாது.

அவர் பிறந்த அதே 1893இல் கடல் கடந்த ஹங்கேரி நாட்டில் பாங்கி, சொங்கா என்னும் இரு பொறியாளர்கள் கார்புரேட்டருக்குக் காப்புரிமை பெற்றார்கள். தெருவில் பூ விற்ற ஒரு பெண், குழல் வழியே வாயால் ஊதிப் பூக்களின்மேல் நீர்த்தூவல் தெளித்ததைக் கண்டுதான் அந்த யோசனை பிறந்தது என்று அந்நாட்டில் ஒரு கதை உண்டு. கதை மெய்யோ பொய்யோ, விளக்கம் சரியானது. வேகமாகப் பாயும் காற்று பெட்ரோலை உறிஞ்சிப் பனித்துளிபோலச் சிதறடிக்க வேண்டும். அந்தக் கலவைதான் எஞ்சினுக்கு உணவு. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று. பெட்ரோல் மிகுந்தால் கறுப்புப் புகை கக்கும், பிளக்கில் கரி படியும். குறைந்தால் எஞ்சின் சூடேறி, திக்கித் திணறி நிற்கும்.

துரைசாமி தந்தையாரின் வயலில் வேலை செய்துவந்த நாளில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் இங்கிலாந்து மோட்டார் சைக்கிளில் அவ்வழியே வந்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை. தானாக ஓடுகிறது வண்டி! அன்றிலிருந்து அந்த இளைஞருக்கு வேறு நினைவு இல்லை. ஊரை விட்டுக் கோவைக்கு வந்து ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். இலை போட்டு, சோறு பரிமாறி, காசைச் செலவழிக்காமல் ஆண்டுக் கணக்கில் சேர்த்தார். இறுதியில் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கிவிட்டார்.

வாங்கியவர் ஊர் சுற்றக் கிளம்பினாரா? இல்லை. ஒவ்வொரு திருகாகக் கழற்றி வண்டி முழுவதையும் பிரித்துப் போட்டார்.

இந்த இடத்தில் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். பல ஆண்டு உழைப்பின் முழுச் சேமிப்பும் துண்டு துண்டாகத் தரையில் கிடக்கிறது. திருப்பிப் பூட்டத் தெரியாவிட்டால் அது வெறும் பழைய இரும்பு. ஆனால் அவர் பூட்டினார், வண்டி ஓடியது. பிறகு கோவையில் அவர் மெக்கானிக் வேலைக்குச் சென்றது இந்த ஒரே படிப்பை நம்பித்தான்.

பழைய வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றுவது என்றால் எளிதாக எண்ண வேண்டாம். உள்ளே ஒரு சிறு அறையில் மிதவை ஒன்று இருக்கும். பெட்ரோல் உயர்ந்தால் மிதவையும் உயர்ந்து, ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். மிதவையில் ஓட்டை விழுந்து அது மூழ்கிவிட்டால் பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். ஜெட் என்பது பித்தளையால் ஆன சின்னஞ்சிறு துளைக்குழல். தூசி அடைத்தால் வண்டி நடுவழியில் நிற்கும். நம் பாட்டிமார் பம்ப் ஸ்டவ்வின் நிப்பிளைப் பின்னால் குத்திச் சுத்தம் செய்ததுபோல ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. துளை இம்மியளவு அகன்றாலும் கலவைக் கணக்கு கெட்டுவிடும். கழுவி, காற்றால் ஊத வேண்டும். கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு, கலவைத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, சீரான ஓசை வரும்வரை காது கொடுத்துக் கேட்க வேண்டும். நம் காரைக்கால் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று வேறு. கார்புரேட்டரின் உலோகக் கூட்டில் வெண்மையாகப் பூத்துவிடும்.

இதெல்லாம் ஆண்களின் வேலை என்று நம் மாணவிகள் எண்ணிவிடாதிருக்க ஒன்று சொல்கிறேன். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்னும் அம்மையார், கணவரிடம் சொல்லாமலே, அவர் செய்த காரில் தம் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்தார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தம் தொப்பி ஊசியால் அடைப்பை நீக்கினார். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார்.

மீண்டும் கோவைக்கு வருவோம். நாயுடு பருத்தி வாணிகத்தில் இறங்கிப் பணத்தை இழந்தார். அந்நாளில் கைகொடுத்தவர் கோவைத் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் துரை. அவர் உதவியுடன் 1920இல் ஒரே ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். வழியில் வண்டி நின்றால் இறங்கிச் சரி செய்வது ஓட்டுநரின் பாடே என்றிருந்த காலம் அது. அந்த ஒற்றை வண்டி யு.எம்.எஸ். என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்து, இருநூற்றுக்கும் மேற்பட்ட பேருந்துகளைக் கண்டது.

அதன்பின் அவர் செய்தவை பல. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து நம் நாட்டில் மின்மோட்டார் உற்பத்திக்கு வழிகாட்டினார். மின்சவரக் கருவி, மெல்லிய பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி என்று பட்டியல் நீளும். 1952இல் இருவர் அமரும் பெட்ரோல் காரை இரண்டாயிரம் ரூபாய்க்குத் தர முன்வந்தார். அரசின் உரிமம் கிடைக்காததால் அது நின்றுபோயிற்று. கிடைத்திருந்தால் நடுத்தரக் குடும்பங்களின் வாசலில் அன்றே கார் நின்றிருக்குமே என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், 1945இல் கோவையில் தொழிற்கல்லூரி தோன்றக் கொடையளித்து அதற்குத் தலைமையும் ஏற்றார் என்பதுதான் வியப்பு. சர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய அதுவே பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. நான்கு ஆண்டுப் படிப்பு வீண், கையால் வேலை செய்து கற்றால் இரண்டு ஆண்டே போதும் என்பது அவர் கட்சி. ஆங்கில அரசு இசையவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார். நான்கு ஆண்டும் வீண் என்பதை நம் ஆசிரியைகள் ஒப்ப மாட்டார்கள். நானும் முழுவதும் ஒப்பவில்லை. ஆயினும் ஒரு திருகைக்கூடத் தொடாமல் எஞ்சினைப் பற்றித் தேர்வு எழுதும் நம்மைப் பார்த்தால் அவர் என்ன நினைத்திருப்பார் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் அவர் மறைந்தார். இந்தியாவில் கார்களில் முன்பே மறையத் தொடங்கிய கார்புரேட்டர், 2020இல் வந்த புகை விதிக்குப் பின் புதிய இருசக்கர வண்டிகளிலிருந்தும் மறைந்துவிட்டது; மின்னணுக் கருவி பெட்ரோலை அளந்து தெளிக்கிறது. பழைய கார்களைக் காண விரும்புவோருக்குக் கோவை அவினாசி சாலையில் அவர் பெயர் தாங்கிய ஜி.டி. கார் அருங்காட்சியகம் 2015 முதல் இருக்கிறது. சுற்றுலா செல்லும் வகுப்பினர், முன்மூடி திறந்திருக்கும் கார் ஏதேனும் கண்டால் குனிந்து பாருங்கள்: காற்று வடிகட்டியை அடுத்து, பித்தளைத் திருகுகளோடு, உள்ளங்கை அகலத்தில் அது அமர்ந்திருக்கும்.