நிற்க முடியாத டாக்டர், பலரை எழுந்து நிற்க வைத்த கதை!

காஞ்சிபுரத்துல வேலூர் பஸ் ஏறினா, பாலுசெட்டிசத்திரம் பக்கத்துல வர்ற ஊர் திருப்புட்குழி. ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்ததாகச் சொல்லப்படும் தலம். சுத்துவட்டாரம் முழுக்கப் பட்டு நெசவு. குழித்தறியில கை மட்டும் ஓடினா பத்தாது, மிதியை அழுத்தக் காலும் வேணும். அப்படிப்பட்ட ஊர்ல கால் செயலிழந்தா, பொழைப்பும் சேர்ந்தே போயிடும்.

அந்தப் பயத்துக்குப் பதில் தேடிய ஒருவர், இதே பஸ் போய்ச் சேரும் வேலூரில் வாழ்ந்தார். டாக்டர் மேரி வர்கீஸ்.

கேரளாவில் 1925-ல் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி-யில் மருத்துவம் படித்தார். 1954 ஜனவரியில், சக டாக்டர்களோடு போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பலத்த காயம். முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. அப்போது அவருக்கு வயது 28.

டாக்டர் கனவு அவ்வளவுதானா? இல்லைனு சொன்னவர், தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் இயங்க வைத்த டாக்டர் பால் பிராண்ட். கை ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாமே! மேரி கற்றுக்கொண்டார். வீல்சேரில் வந்து ஆபரேஷன் செய்யும் டாக்டரைப் பார்த்ததே நோயாளிகளுக்குப் பாதி தெம்பு.

அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தனக்கான மறுவாழ்வுப் பயிற்சி. பிறகு நியூயார்க்கில், டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவப் படிப்பு. திரும்பி வந்து 1963-ல் சி.எம்.சி-யில் அந்தத் துறையின் தலைவரானார். 1966-ல் தனி மறுவாழ்வு மையமே திறக்கப்பட்டது. இன்றைக்கு அது அவர் பெயரில் இயங்குகிறது.

அங்கே கேள்வி 'கால் சரியாகுமா' என்பதல்ல. இருக்கும் பலத்தை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான். காலிப்பர் அதுக்கு நல்ல உதாரணம். முட்டி, கணுக்கால், பாதம் மூணையும் சேர்த்துத் தாங்குற நீளமான கருவி. தொடையிலயும் ஆடுசதையிலயும் பட்டை, பக்கவாட்டில் கம்பி, முட்டிகிட்ட ஒரு பூட்டு. பூட்டினா முட்டி மடங்காது, நிற்கலாம். திறந்தா உட்காரலாம். போலியோ பாதித்தவர்களும், தண்டுவடம் அடிபட்ட சிலரும் ஊன்றுகோலோடு இதை மாட்டி நடக்கிறார்கள். ஆனா, ஆளுக்கேற்ப அளவெடுத்துச் செய்யணும். கொஞ்சம் தப்பினாலும் உரசிப் புண்ணாகும். உணர்ச்சி இல்லாத காலில் அது வலிக்கவும் வலிக்காது. அதனால கழட்டியதும் தினமும் தோலைப் பார்க்கணும்.

மேரிக்கு 1972-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் காலமானார். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ வைரஸ் (வைல்ட் போலியோ) பாதிப்பு 2011-ல் பதிவானது. ஆனா, அதற்கு முன்னால் பாதிக்கப்பட்டவங்க இன்னமும் நம்மோடதான் பஸ்ல வர்றாங்க.

அடுத்த முறை காலிப்பர் போட்ட ஒருத்தர் பக்கத்துல வந்தா, பரிதாபப்பட வேணாம். முட்டிப் பூட்டைத் திறந்து உட்கார ஒரு நிமிஷமும், கால் நீட்டக் கொஞ்சம் இடமும் கொடுங்க. அது போதும்!