வீரமாமுனிவர்: எழுத்தில் நிகழ்ந்த சீர்திருத்தமும் சேரிக்குள் நுழையாத திருச்சபையும்

1968ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் வீரமாமுனிவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. தேம்பாவணியும் சதுரகராதியும் தந்தவர், எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் தெளிவாக்கியவர் என்று பாடநூல்கள் அவரைப் போற்றுகின்றன. அப்புகழ் அவருக்கு உரியதே. ஆனால் அவர் எந்த அமைப்பின் ஊழியராகத் தமிழ் மண்ணில் வாழ்ந்தார், அவ்வமைப்பு சாதியை எவ்வாறு கையாண்டது என்பதைப் பாடநூல்கள் பேசுவதில்லை.

கான்சுடன்டைன் ஜோசப் பெஸ்கி 1680 நவம்பர் 8 அன்று இத்தாலியின் காஸ்திலியோனே நகரில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்து, 1710இல் கோவாவை அடைந்து, அங்கிருந்து மதுரை மறைபணித்தளத்திற்கு வந்தார். அத்தளத்தின் நெறிமுறையை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வகுத்துவிட்டவர் இராபர்ட் தெ நொபிலி. 1606இல் மதுரைக்கு வந்த அவர் சந்நியாசிக் கோலம் பூண்டு, உயர்சாதியினரின் ஆசாரங்களைக் கைக்கொண்டு, ஏற்கெனவே பரதவர்களுக்காக இயங்கிவந்த தேவாலயத்திலிருந்து தம் சபையைப் பிரித்து வைத்தார். பூணூலும் குடுமியும் சமயச் சின்னங்கள் அல்ல, சமூக வழக்கங்களே என்ற அவரது வாதத்தை ஏற்று 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி இசைவளித்தார். பின்னர், ஒடுக்கப்பட்டோரிடையே பணிபுரிய ஏதுவாகப் பண்டாரசாமிகள் என்னும் தனிவகைத் துறவியர் உருவாயினர். சாதியின் படிக்கட்டு அப்படியே துறவிலும் ஏறிக்கொண்டது.

பெஸ்கி வந்திறங்குவதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1704இல், போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் ஓர் ஆணை பிறப்பித்தார். மறைபணியாளர்கள் சாகும் தறுவாயில் உள்ள பறையர்களின் வீட்டிற்குள் சென்றே அருளடையாளங்களை வழங்க வேண்டும். மாதவிலக்கைக் காரணங்காட்டிப் பெண்களைத் தள்ளிவைக்கக் கூடாது. இவை அவ்வாணையின் கூறுகளுள் சில. உரோமைக்குச் சமூகச் சமத்துவத்தில் நாட்டம் இருந்தது என்று இதிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. இந்து வழக்கங்கள் கலந்துவிடுமே என்பதே அதன் பெருங்கவலை. எனினும் ஆணையை எதிர்த்தவர்கள் சேரி வீட்டைத்தான் தடையாகக் காட்டினர். குருவானவர் அவ்வீட்டிற்குள் நுழைந்தால் மேல்சாதிக் கிறித்தவர்கள் விலகிவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். சாகக் கிடந்தவரை வெளியே தூக்கிவந்து கிடத்துவது வழக்கமாயிருந்தது. நாற்பதாண்டுகள் நீடித்த இவ்வழக்கின் நடுவில்தான் பெஸ்கியின் தமிழ்ப் பணி முழுவதும் நிகழ்ந்தது.

விருத்தாசலம் வட்டாரத்திலுள்ள கோணாங்குப்பத்தில் அவர் எழுப்பிய பெரியநாயகி மாதா ஆலயம் இன்றும் திருப்பயணத் தலம். முகாசாபரூர்ப் பாளையக்காரர் கச்சிராயர் அதற்குத் துணைநின்றதாக மரபுக்கதை கூறும். மரியாளுக்குச் சேலை உடுத்தினார்; விருத்தகிரீசுவரர் கோயில் அம்மனின் பெயராகிய பெரியநாயகி என்பதையே சூட்டினார். இதைப் பண்பாட்டு இணக்கம் என்று ஆய்வாளர் புகழ்வர். எவருடைய பண்பாட்டோடு இணக்கம் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. கோயிலின் பெயர் ஆலயத்திற்குள் வந்தது. அக்கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத மக்களின் தெய்வங்கள் எவற்றின் பெயரும் வரவில்லை. முத்துச்சாமிப் பிள்ளை 1822இல் எழுதிய வரலாறு அவரைப் பல்லக்கிலும் புலித்தோலிலும் காட்டுகிறது. அதில் மிகை இருக்கலாம். ஆயினும் பின்வந்தோர் அவரை எவ்வாறு நினைவுகூர விரும்பினர் என்பதற்கு அது சான்று.

தேம்பாவணி 3615 பாடல்கள் கொண்ட பெருங்காப்பியம்; தொன்னூல் விளக்கம் ஐந்திலக்கணம் கூறுவது. இவற்றோடு தரங்கம்பாடி லுத்தரன்களுக்கு எதிராகவும் அவர் கடுமையாக எழுதினார். அவ்வாதப்போரின் காலத்தில், தஞ்சைப் படையில் பணியாற்றிய இராசநாயக்கன் என்னும் பறையர் கத்தோலிக்கத்தை விட்டு லுத்தரன் சபைக்குச் சென்றார். தமிழில் அச்சான புதிய ஏற்பாட்டைத் தாமே வாசித்து எடுத்த முடிவு அது. அங்கும் அவருக்குக் குருப்பட்டம் கிட்டவில்லை. 1733இல் அப்பட்டம் வேளாளரான ஆரோனுக்கே சென்றது. இராசநாயக்கனைத் தடுத்தது சாதி. இரு சபைகளும் கோட்பாட்டில் மோதிக்கொண்டன, இந்த ஒன்றில் மட்டும் உடன்பட்டன. பெஸ்கியின் வரலாற்றை எழுதுவோர் இராசநாயக்கனை ஓர் அடிக்குறிப்பாகக்கூடச் சேர்ப்பதில்லை என்பது எம் மனக்குறை.

1744 செப்டம்பரில் போப்பாண்டவர் பதினான்காம் பெனடிக்ட் இறுதி ஆணையால் வழக்கை முடித்தார். பறையர் வீட்டிற்குள் சென்றாக வேண்டும் என்பது உறுதியாயிற்று. இயேசு சபையார் அதற்கொரு மாற்றுவழி முன்வைத்தனர்: பறையருக்கென்றே தனியாகச் சில குருக்களை நியமிப்பது. உரோமை அதை ஏற்றது. ஆணையும் நிறைவேறியது, மற்றக் குருக்களின் தீட்டும் காக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து, 1747 பிப்ரவரி 4 அன்று, கேரளத்து அம்பழக்காட்டில் பெஸ்கி மறைந்தார்.

2008 மார்ச்சில், கோணாங்குப்பத்தை உள்ளடக்கிய அதே புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில், தலித் கத்தோலிக்கர் தாங்கள் கட்டிய சகாய மாதா ஆலயத்தைத் தனிப் பங்காக அறிவிக்கக் கோரினர். வன்னியக் கத்தோலிக்கருடன் ஏற்பட்ட மோதல் காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது, இருவர் இறந்தனர். ஊர்ப் பொதுவழியே தம் பிணங்களைக் கொண்டுசெல்லும் உரிமையும் அம்மக்களின் கோரிக்கைகளுள் இருந்தது.