ராஜா மஹாடி: கிள்ளான் கோட்டையின் கதை

அல்ஹம்துலில்லாஹ். நம் சங்கம் ஐம்பது ஆண்டுகளைக் கடந்திருக்கும் இவ்வேளையில், நாம் வாழும் இந்த ஊரின் பழைய வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பது நம் கடமை எனக் கருதுகிறோம். கிள்ளான் நகரில் இன்றும் நிற்கும் கோத்தா ராஜா மஹாடி வாயிலை நம்மில் பலர் தினமும் கடந்து போகிறோம். ஒரு காலத்தில் அதன் பின்னே ஒரு கோட்டை இருந்தது. அக்கோட்டைக்கு உரியவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், ஆங்கிலேயர் சிலாங்கூருக்குள் எப்படி வந்தார்கள் என்பது தானாகவே விளங்கும். அவர்கள் பெரும் படை கொண்டு வந்து இந்த மாநிலத்தை வெல்லவில்லை. உறவினர்களுக்குள் மூண்ட சண்டைதான் அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

கைமாறிய கிள்ளான்

ராஜா மஹாடி சிலாங்கூர் பூகிஸ் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். சுல்தான் முஹம்மது ஷாவின் பேரன். அவருடைய தந்தை ராஜா சுலைமான் கிள்ளான் பகுதியை நிர்வகித்து வந்தார். தந்தைக்குப் பின் அது தமக்கு வரும் என்று மஹாடி நம்பியிருந்தார். ஆனால் அப்போது அரச குடும்பம் மலாக்கா வணிகர்களிடம் பட்ட கடனில் சிக்கியிருந்தது. அந்த நெருக்கடியில் கைகொடுத்தவர் லுக்குட்டை ஆண்ட ராஜா ஜுமாஅத். அதற்குக் கைமாறாக 1850-களின் தொடக்கத்தில் கிள்ளான், ஜுமாஅத்தின் சகோதரரும் சுல்தானின் மருமகனுமான ராஜா அப்துல்லாஹ்விடம் ஒப்படைக்கப்பட்டது. பேரனுக்கு வர வேண்டியது மருமகனுக்குப் போயிற்று. மஹாடியின் மனத்தில் விழுந்த இந்தக் காயம் கடைசி வரை ஆறவில்லை.

ராஜா அப்துல்லாஹ் திறமையான நிர்வாகி. 1857-ல் மலாக்கா சீன வணிகர்களிடம் 30,000 வெள்ளி முதல் வாங்கி, 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே அம்பாங்குக்கு ஈயம் தோண்ட அனுப்பினார்கள் அவரும் சகோதரரும். ஒரு மாதத்தில் காய்ச்சலுக்குத் தப்பியவர்கள் 18 பேர்தான். மேலும் ஆட்கள் அனுப்பப்பட்டார்கள், ஈயமும் கிடைத்தது. அந்த ஆட்கள் படகை விட்டு இறங்கிய ஆற்றுச் சந்திதான் பின்னாளில் கோலாலம்பூர் ஆனது. அப்துல்லாஹ் கட்டிய சரக்குக் கிடங்கு கிள்ளானில் இன்றும் இருக்கிறது. அந்நாளில் ஈயம் வெளியே போகவும் அரிசியும் அபினும் உள்ளே வரவும் ஆறுதான் பாதை. கிள்ளான் ஆற்று முகத்தைப் பிடித்திருப்பவர் கையில்தான் வரி வருமானம் முழுவதும் சேரும். பிற்பாடு நடந்த சண்டை அனைத்தும் இந்த வருமானத்துக்காகத்தான்.

வரியில் தொடங்கிய சண்டை

அப்துல்லாஹ் கிள்ளானின் வரி வசூலைச் சிங்கப்பூர் வணிகர்களான டபிள்யூ. எச். ரீட், டான் கிம் செங் ஆகியோருக்குக் குத்தகைக்கு விட்டார். கிள்ளானில் அபின் வியாபாரம் செய்துவந்த மஹாடி, தாம் அரச குடும்பத்தவர் என்று சொல்லி வரி கட்ட மறுத்தார். அதே சமயம், தங்களில் ஒருவர் கொல்லப்பட்டதற்கு அப்துல்லாஹ் நியாயம் வழங்கவில்லை என்று சுமத்திராவின் பத்து பாரா வணிகர்களும் குமுறிக் கொண்டிருந்தார்கள். அவர்கள் மஹாடியோடு சேர்ந்தார்கள். 1867-க்குள் கிள்ளான் கோட்டை மஹாடியின் வசமாயிற்று. அப்துல்லாஹ் குடும்பத்தோடு மலாக்காவுக்குப் போனார்.

இதோடு மஹாடி நிறுத்தியிருந்தால், சுல்தான் அப்துல் ஸமது ஒருவேளை இதை ஏற்றுக்கொண்டிருப்பார். கிள்ளானை யார் ஆண்டாலும் தமக்கு மாதம் 500 வெள்ளி வந்தால் போதும் என்றே அவர் இருந்தார். மஹாடி அந்தப் பணத்தையும் கொடுக்கவில்லை. இது அவர் செய்த பெரிய தவறு என்பது நம் கருத்து. வரி கேட்டவரைப் பகைத்தது ஒரு கோபத்தில் நடந்ததாக இருக்கலாம். தமக்குத் துணை நிற்கக்கூடிய சுல்தானையும் பகைத்ததுதான் அவரைத் தனியாளாக்கியது.

1868-ல் சுல்தானின் மகள் ராஜா அர்ஃபாவைக் கெடா சுல்தானின் சகோதரர் துங்கு கூடின் மணந்தார். அந்த ஆண்டு ஜூன் 26-ஆம் தேதி சுல்தான் அவரைத் தம் பிரதிநிதியாக நியமித்தார். கூடின் சமரசம் பேச முன்வந்தார், மஹாடி ஏற்கவில்லை. கூடின் கெடாவிலிருந்து 500 ஆட்களை வரவழைத்து, தந்தையின் உரிமையை மீட்க வந்த அப்துல்லாஹ்வின் மகன் ராஜா இஸ்மாயிலோடு சேர்ந்து கிள்ளானை முற்றுகையிட்டார். 1870 மார்ச்சில் கோட்டை விழுந்தது.

பீரங்கிக் கப்பல் வருகிறது

தோற்ற மஹாடி அடங்கிவிடவில்லை. வடக்கே போய்க் கோல சிலாங்கூரைப் பிடித்தார். கோலாலம்பூரின் கெப்பித்தான் யாப் ஆ லோய் கூடின் பக்கம் நின்றார். அவருக்கு எதிரான சீனக் கூட்டம் மஹாடி பக்கம் வந்தது. இரு தரப்பிலும் மலாய்க்காரரும் சீனரும் சுமத்திரா ஆட்களும் இருந்தார்கள். இரு தரப்பும் ஆயுதத்துக்கும் அரிசிக்கும் சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு வணிகர்களிடம் கடன் வாங்கின. அந்தக் கடன் திரும்பி வர வேண்டுமானால் சிலாங்கூரில் அமைதியும் தங்களுக்கு வேண்டியவரின் ஆட்சியும் தேவை என்று வணிகர்கள் ஆங்கிலேய ஆளுநரை நெருக்கினார்கள். மலாய் மாநிலங்களின் உள்விவகாரத்தில் தலையிடுவதில்லை என்பதுதான் அன்று லண்டனின் கொள்கை. ஆனால் முதல் போட்டவர்களின் குரல் அந்தக் கொள்கையை மெல்ல மெல்லக் கரைத்தது.

1871-ல் பினாங்கிலிருந்து வந்த ஒரு சீனக் கப்பலைக் கொள்ளையர் பிடித்து, அதிலிருந்தவர்களைக் கொன்றார்கள். கொள்ளைக் கப்பல் கோல சிலாங்கூரில் காணப்பட்டது. ஜூலை மாதம் ஆங்கிலேயப் போர்க்கப்பல் ரினால்டோ அங்குள்ள கோட்டைகளைக் குண்டு வீசித் தகர்த்தது, ஊரும் எரிந்தது. உடனே அதிகாரி பர்ச் லங்காட்டுக்குப் போய், கூடினையே முழுப் பிரதிநிதியாக ஏற்குமாறு சுல்தானை நெருக்கினார். கொள்ளையரைத் தண்டிக்க வந்தவர்கள், குடும்பச் சண்டையில் யார் வெல்ல வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிட்டுப் போனார்கள்.

மஹாடி மீண்டும் எழுந்தார். 1872-ல் அவரும் சையது மஷ்ஹூரும் கோலாலம்பூரைப் பிடித்தார்கள். யாப் ஆ லோய் கிள்ளானுக்குத் தப்பி ஓடினார். கூடின் பகாங்கின் உதவியை நாடினார். பகாங் படை வந்து, 1873 மார்ச்சில் கோலாலம்பூரையும் அவ்வாண்டு நவம்பரில் கோல சிலாங்கூரையும் மீட்டது. ஏழு ஆண்டுச் சண்டை முடிந்தது. ஈயச் சுரங்கங்கள் தண்ணீர் நிறைந்து கிடந்தன, கோலாலம்பூர் சாம்பலாகியிருந்தது.

1874 ஜனவரி 20-ல் பேராக்கில் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அடுத்த மாதமே ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க் போர்க்கப்பல்களோடு லங்காட்டுக்கு வந்தார். சில மாதங்களில் ஸ்வெட்டன்ஹாம் அங்கு அமர்த்தப்பட்டார். 1875-ல் டேவிட்சன் முதல் ரெசிடெண்டாகக் கிள்ளானில் இருந்து நிர்வாகத்தை நடத்தத் தொடங்கினார். அவர் கூடினின் வழக்கறிஞராக இருந்தவர். மஹாடிக்குத் திரும்பி வரும் வழி அடைபட்டது. 1882-ல் சிங்கப்பூரில் அவர் வஃபாத்தானார். பிறந்த மண்ணில் அடங்கும் பாக்கியம்கூட அவருக்குக் கிட்டவில்லை.

வென்றவர்களும் ஆளவில்லை

வெற்றி பெற்ற கூடினுக்கு என்ன கிடைத்தது? ரெசிடெண்ட் வந்த பிறகு அவருக்கு இங்கே வேலை இல்லை. 1878-ல் அவர் சிலாங்கூரை விட்டே போய்விட்டார். சுல்தானுக்கு அரியணை இருந்தது. மார்க்கமும் மலாய் வழக்கங்களும் அவர் பொறுப்பில் இருந்தன. வரியும் நீதிமன்றமும் போலீசும் ரெசிடெண்டின் கைக்குப் போயின. பெயருக்கு அது ஆலோசனை. தட்டிக்கழிக்க முடியாத ஆலோசனை. 1930-களில் சிலாங்கூரின் பட்டத்து இளவரசர் துங்கு மூசா எடினையே ரெசிடெண்டின் சொல் விலக்கிவைத்தது என்றால் அதன் பலம் புரியும்.

அந்த ஆட்சியில்தான் 1886-ல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் ரயில் ஓடியது. 1901-ல் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. தண்டவாளத்துக்கும் தோட்டத்துக்கும் தமிழ்த் தொழிலாளர் வந்தார்கள். கடை வைக்க நம் முன்னோரும் கப்பலேறி வந்தார்கள். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். ஆட்சியைக் கொண்டுவர ஆலோசனை போதுமாயிருந்தது. காப்பாற்ற துப்பாக்கியும் தேவைப்பட்டது.

ஜப்பானியர் தோற்ற பின் 1945-ல் மெக்மைக்கேல் ஒவ்வொரு சுல்தானிடமும் தனித்தனியே போய்க் கையெழுத்து வாங்கி, மலாயன் யூனியனுக்கு வழிசெய்தார். பழைய வழியே அதுவும். ஆனால் இம்முறை சுல்தான்களும் மக்களும் ஒன்றாக எதிர்த்தார்கள். 1948-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு மூவினத் தலைவர்களும் உடன்பட்டு நின்றதால், 1957 ஆகஸ்டு 31-ல் நாடு விடுதலை பெற்றது. பிரிந்து நின்றபோது நுழைந்தவர்கள், சேர்ந்து நின்றபோது புறப்பட்டார்கள்.

ராஜா மஹாடி கோழையல்ல. தோற்ற பின்னும் மீண்டும் எழுந்தவர். அவருடைய மனக்குறையிலும் நியாயம் இருந்தது. ஆனால் அதை உட்கார்ந்து பேசித் தீர்க்க அவரும் இடம் கொடுக்கவில்லை. மற்றவர்களும் பொறுமை காட்டவில்லை. தீர்ப்புச் சொல்ல வெளியார் வந்தார்கள். வந்தவர்கள் எண்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டார்கள்.

மஷூரா செய்து காரியம் நடத்துவது நம் மார்க்கம் காட்டிய வழி. குடும்பமானாலும் பள்ளிவாசல் ஜமாஅத்தானாலும் சங்கமானாலும், கணக்கிலும் பதவியிலும் வரும் மனக்கசப்பை நமக்குள்ளேயே, நேரத்தோடு பேசித் தீர்த்துக்கொள்வோம். கோட்டை வாயிலைக் கடக்கும்போது நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்வோம். அல்லாஹ் மர்ஹூம் அவர்களின் பிழைகளைப் பொறுத்தருள்வானாக. நம் ஒற்றுமையை நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.