ஔவைக்குக் குரல் தந்த அம்மையார்

ஔவைப் பாட்டி என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் உருவம் எது? நரைத்த தலை, நெற்றி நிறையத் திருநீறு, கையில் கோல். அதியமான் ஆண்ட தகடூர்தான் நம் தருமபுரி. அவன் அளித்த நெல்லிக்கனியை உண்ட ஔவையை நம்மில் யார் கண்டோம்? நாம் அறிந்த அந்த உருவமும் கணீரென்ற குரலும் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாருடையவை.

காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் 1908-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தாயார் பாலாம்பாள். ஊரின் முதலெழுத்தும் தாயின் முதலெழுத்துமே அவருடைய இனிஷியல். தந்தையின் ஆதரவின்றிக் குடும்பம் வறுமையில் வாடியது. சிறுமி சுந்தராம்பாள் ரயில் வண்டிகளில் பாடி, பயணிகள் தந்த காசை வீட்டுக்குக் கொண்டு வந்தாள். அந்தப் பாட்டே அவளை நாடகக் கம்பெனியில் சேர்த்தது. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையாக மேடை ஏறினாள். பசியை நடிக்க அவளுக்கு யார் கற்றுத்தர வேண்டும்?

அது மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசியில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். சுந்தராம்பாளின் குரல் கேட்டது. இலங்கையில் நாடகம் நடத்தச் சென்றபோது, புகழ்பெற்ற செங்கோட்டை கிட்டப்பாவுடன் சேர்ந்து நடித்தார். கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். ஆயினும் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். அந்த வாழ்வில் இசையோடு மனத்தாங்கலும் பிரிவும் இருந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா 27 வயதிலேயே இறந்தார். சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்று முதல் வெள்ளைச் சேலைதான். இனி எந்த ஆணுடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அக்காலத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு வீட்டின் மூலையே இடம். அவரும் சிறிது காலம் ஒதுங்கித்தான் இருந்தார். ஆனால் குரலை மூலையில் வைக்க முடியவில்லை. நந்தனார் படத்துக்கு அழைத்தவர்களை அனுப்பிவிடுவதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். அவர்களோ சம்மதித்துவிட்டார்கள்! ஒரு பவுன் முப்பது ரூபாயைக்கூட எட்டாத காலம் அது. 1935-இல் வெளிவந்த அப்படத்தில் அவர் ஆண் வேடத்தில் நந்தனாராகவே நடித்தார். படத்தைக் கல்கி கேலி செய்து எழுதினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1940-இல் மணிமேகலை. பிறகு பதின்மூன்று ஆண்டுகள் இடைவெளி. 1953-இல் ஜெமினி நிறுவனத்தாரின் ஔவையார் வெளிவந்தது. ஜோடியே தேவையில்லாத, ஊர் ஊராய் நடந்து அரசருக்கும் அறிவுரை கூறும் மூதாட்டியின் வேடம். அவருடைய உறுதிக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் உண்டோ? சங்ககால ஔவையையும் ஆத்திசூடி ஔவையையும் ஒருவராக்கிவிட்டார்கள் என்று எங்கள் தமிழாசிரியை குறைப்படுவார். அது படம் எடுத்தவர்கள் பொறுப்பு.

விடுதலைப் போராட்ட நாட்களில் காங்கிரஸ் மேடைகளில் பாடிய அவர், 1958-இல் சட்ட மேலவை உறுப்பினரானார். 1964-இல் பூம்புகார் படத்தில் சமணத் துறவி கவுந்தியடிகளாக நடித்தார். அடுத்த ஆண்டு திருவிளையாடலில் மீண்டும் ஔவையாரானார். 1969-ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது, துணைவன் படப் பாடலுக்காக அவருக்குக் கிடைத்தது. அப்போது அவர் அறுபதைத் தாண்டியிருந்தார். 1970-இல் பத்மஸ்ரீ. 1980-இல் காலமானார்.

தொலைக்காட்சியில் திருவிளையாடல் வரும்போதெல்லாம், ஔவையார் தோன்றியதும் ஒலியைக் குறைக்கச் சொல்வார் என் பாட்டி. அந்தம்மாவுக்கு அதெல்லாம் தேவையில்லையாம்.