லொரென்சோ டா பொன்டே

லொரென்சோ டா பொன்டே (மார்ச் 10, 1749 - ஆகஸ்ட் 17, 1838) இத்தாலியக் கவிஞரும் இசை நாடக ஆசிரியரும் ஆவார். நியூயார்க்கில் உள்ள கொலம்பியா கல்லூரியின் (தற்போதைய கொலம்பியா பல்கலைக்கழகம்) முதல் இத்தாலியப் பேராசிரியரும் இவரே.

இளமை

வெனிஸ் குடியரசின் செனெடா நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். இவரது இயற்பெயர் இம்மானுவேலே கொனெலியானோ. தாயை இழந்த இவரின் தந்தை, கத்தோலிக்கப் பெண்ணொருவரை மணப்பதற்காக 1763 இல் பிள்ளைகளுடன் மதம் மாறினார். அப்போது ஆயரின் பெயரே இவருக்குச் சூட்டப்பட்டது. 1773 இல் குருப்பட்டம் பெற்றார். ஒழுக்கக்கேடான வாழ்க்கை நடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 1779 இல் வெனிசிலிருந்து 15 ஆண்டுகளுக்கு வெளியேற்றப்பட்டார்.

வியன்னாவும் இலண்டனும்

பேரரசர் இரண்டாம் யோசப்பின் ஆதரவில், வியன்னாவின் இத்தாலிய நாடக அரங்கில் கவிஞராகப் பணியாற்றினார். மோட்சார்ட்டின் இசை நாடகங்களான பிகரோவின் திருமணம் (1786), டொன் ஜொவான்னி (1787), கொசி ஃபான் டுட்டே (1790) ஆகியவற்றுக்கு உரைப்பகுதி எழுதினார். பேரரசர் 1790 இல் இறந்ததையடுத்து, 1791 இல் பணியை இழந்தார். பின்னர் இலண்டனில் கடன் தொல்லைக்கு உள்ளாகி, 1805 இல் அமெரிக்கா சென்றார்.

இத்தாலியக் கல்வி

அமெரிக்காவில் மளிகை வணிகம் செய்து நட்டமடைந்தார். நியூயார்க்கில் கிளெமென்ட் கிளார்க் மூர் என்னும் அறிஞரின் ஆதரவால் இத்தாலிய மொழி கற்பிக்கத் தொடங்கினார். இலக்கணத்துடன் நில்லாமல், தாந்தே முதலிய கவிஞர்களின் நூல்களைப் படிப்பித்தார். மாணவர்களை இத்தாலிய நாடகங்களில் நடிக்கச் செய்தார். இத்தாலிய நூல்களை வரவழைத்து விற்றார்.

1825 இல் கொலம்பியா கல்லூரியின் பேராசிரியராக நியமிக்கப்பட்டார். ஆயினும் இப்பதவிக்கு ஊதியம் கிடையாது. மாணவர் செலுத்தும் கட்டணமே வருமானம். இத்தாலியம் கட்டாயப் பாடமாக இல்லாததால் விரைவிலேயே மாணவர்கள் குறைந்தனர். பேராசிரியர் என்ற பட்டம் மட்டும் இறுதிவரை நிலைத்தது.

மொழியை இசையின் வழியாகவும் பரப்ப முயன்றார். 1826 இல் கார்சியா குழுவினர் டொன் ஜொவான்னியை நியூயார்க்கில் அரங்கேற்றியதில் இவருக்குப் பங்குண்டு. 1833 இல், தமது 84 ஆம் வயதில், நியூயார்க்கில் இத்தாலிய இசை நாடக அரங்கம் உருவாகக் காரணமானார். இழப்பின் காரணமாக அது நீடிக்கவில்லை.

மறைவு

1838 இல் நியூயார்க்கில் காலமானார். இவர் அடக்கம் செய்யப்பட்ட இடம் இன்று அறியப்படவில்லை. மாணவர்களின்றி வெறுமையடைந்த அப்பதவியின் நினைவாக, இன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இத்தாலியப் பேராசிரியர் பதவி ஒன்று இவர் பெயரைத் தாங்கியுள்ளது குறிப்பிடத்தக்கது.