அந்தோணி வான் லீவன்ஹூக்

உயிர்நூல் கற்கப் புகும் மாணவர் முதற்கண் அறிவது உயிரணு இருவகைப்படும் என்பதாம். தெளிவான உட்கரு அமைந்தது ஒன்று, அஃதில்லாதது மற்றொன்று. மனிதன், மரம், காளான், அமீபா என்பன முன்னைய வகையின. பாக்டீரியா பின்னைய வகையைச் சேர்ந்தது. இவ்விரு வகையிலும், ஓரணுவையே உடலாகக் கொண்ட சிற்றுயிர்களை இயங்கக் கண்டு முதன்முதல் எழுதி வைத்தவர் ஒருவரே. அவர் பல்கலைக்கழகத்தில் பயின்றவரல்லர்; இலத்தீன் அறியாதவர்; துணி வணிகர். அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம்.

அந்தோணி வான் லீவன்ஹூக் ஒல்லாந்து தேயத்து டெல்ஃப்ட் நகரில் 1632ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 24ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கூடை முடைபவர். மைந்தரின் இளமையிலேயே இறந்தார். லீவன்ஹூக் தம் பதினாறாம் வயதில் ஆம்ஸ்டர்டாம் சென்று, ஒரு துணிக்கடையில் தொழில் பயின்றார். 1654இல் ஊர் திரும்பி மணம் புரிந்து, தாமே ஒரு கடை தொடங்கினார். 1660இல் நகர மன்றத்து அறைகளைக் காக்கும் அலுவலும் அவர்க்குக் கிடைத்தது. மக்கள் ஐவருள் நால்வர் குழவிப் பருவத்திலேயே மாய்ந்தனர். மனைவியாரும் 1666இல் இறந்தார். எஞ்சியவள் மரியா என்னும் மகள் ஒருத்தியே.

இழைகளின் நெருக்கத்தை அறிய உருப்பெருக்கும் கண்ணாடியைக் கையாளுதல் அக்காலத்துத் துணி வணிகரின் வழக்கம். அக்கண்ணாடியே லீவன்ஹூக்கின் உள்ளத்தைக் கவர்ந்தது. மிளகினும் சிறிய கண்ணாடி வில்லையொன்றைத் தாமே செய்து, இரு உலோகத் தகடுகளிடையே பதித்து, அதனைக் கண்ணருகே பிடித்து நோக்குவார். உள்ளங்கையில் அடங்கும் இத்தகைய கருவிகளை ஐந்நூற்றுக்கு மேலாகச் செய்தார் என்பர். இன்று எஞ்சியுள்ளவற்றுள் சிறந்ததொன்று, பொருளை ஏறக்குறைய 270 மடங்கு பெருக்கிக் காட்டவல்லது.

1674ஆம் ஆண்டில் ஊர்ப்புறத்து ஏரியொன்றின் நீரைக் கொணர்ந்து நோக்கினார். அதனுள் பச்சை இழைகளும், அவற்றிடையே விரைந்து திரியும் சிற்றுயிர்களும் தோன்றின. 1676இல், மிளகின் காரத்திற்குக் காரணம் யாது என்று அறிய விரும்பி, மிளகை நீரில் ஊறவைத்தார். சில வாரங்கள் கழித்து அந்நீரை நோக்கியபோது, முன் கண்டவற்றினும் மிகச்சிறிய உயிர்கள் எண்ணிறந்தன இயங்கின. அவையே பாக்டீரியாக்கள். காரத்தின் காரணம் தேடியவர் வேறோர் உலகத்தைக் கண்டார்.

தாம் கண்டவற்றைத் தாய்மொழியாகிய டச்சு மொழியிலேயே எழுதி, இலண்டன் இராயல் சங்கத்திற்கு விடுத்தார். சங்கத்தார் ஐயுற்றனர். ஒரு துளி நீரில் எண்ணற்ற உயிர்கள் உள என்றால் யார்தாம் எளிதில் நம்புவர்? லீவன்ஹூக் சினந்தாரல்லர், பாதிரிமார் முதலிய எண்மரைத் தம் கருவி வழியே நோக்கச் செய்து, அவர்தம் சான்றுகளைப் பெற்று அனுப்பினார். சங்கத்தைச் சார்ந்த இராபர்ட் ஹூக் என்பார் 1677 நவம்பரில் தாமும் அச்சிற்றுயிர்களைக் கண்டு மெய்யென உறுதி கூறினார். தக்கையில் சிறு அறைகளைக் கண்டு அவற்றுக்கு ‘செல்’ என்னும் பெயரை 1665இல் வழங்கியவர் இவரே. 1680இல் சங்கத்தார் துணி வணிகரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தனர்.

பெரியோர் வரலாறு கூறுமிடத்துக் குணத்தோடு குற்றமும் கூறுதல் முறையாம். லீவன்ஹூக் தம் கருவிகளுள் தலைசிறந்தவற்றைப் பிறர்க்குக் காட்டாது மறைத்தார். மிகச்சிறிய உயிர்களை நோக்கும் முறையையும் எவர்க்கும் கற்பித்தாரல்லர். 1723ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், தொண்ணூறாம் வயதில் அவர் இறந்தபோது அம்முறையும் அவரோடு மறைந்தது. அவர் கண்ட பாக்டீரியாக்களைப்பற்றிய அறிவு அதன்பின் நெடுங்காலம் வளராது நின்றது. உயிர்களையெல்லாம் வகுத்துப் பெயரிட்ட லின்னேயஸ் என்னும் பேரறிஞரும், 1767இல் இச்சிற்றுயிர்களைப் புழுக்களோடு சேர்த்து, குழப்பம் எனப் பொருள்படும் பெயரையுடைய ஓர் இனத்தில் அடக்கி அமைந்தார்.

இன்னுமொன்று. லீவன்ஹூக் தம் முதுமையில் சால்மன் மீனின் குருதியணுக்களை வரைந்தபோது, அவற்றின் நடுவே ஒரு சிறு வடிவத்தையும் குறித்தார். அதுவே உட்கரு. அதற்குத் தனிப்பெயர் இட்டு விளக்க, 1831இல் இராபர்ட் பிரௌன் என்பார் வரவேண்டியதாயிற்று. உட்கரு உடைமையும் இன்மையும் உயிர்களை இருபெரும் பிரிவாக்கும் என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று. 1977இல் கார்ல் வோஸ் முதலியோர் உட்கருவற்றவற்றுள்ளும் வேறுபட்ட இரு குலங்கள் உள என்று நிறுவினர். ஒருவர் கண்ணுற்றதைப் பலர் கூடிப் பகுத்தறிய மூன்று நூற்றாண்டுகள் சென்றன.

அவர் மறைத்த முறைதான் யாது? 2021ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர், எஞ்சியுள்ள கருவிகளுள் சிறந்த அதனை உடைக்காமலே நியூட்ரான் கதிர்களால் ஊடுருவி ஆராய்ந்தனர். வில்லை, கண்ணாடி இழையை உருக்கி மணியாக்கிச் செய்யப்பட்டது. ஹூக் அக்காலத்திலேயே அச்சிட்டு வெளியிட்டிருந்த முறையே அது! ஆகவே எவரும் அவ்வில்லையைச் செய்திருக்கலாம். ஏறக்குறைய ஐம்பதாண்டு அதனூடு நோக்கிய பொறுமைதான் பிறரிடம் இல்லை.

மாணவ நண்பர்காள்! ஆய்வுக்கூடத்தில் குளத்து நீரைக் கண்ணாடித் தகட்டில் இட்டு நோக்குங்கால் இவரை நினைமின். அவர் போலப் பொறுமையாக நோக்குக; அவர் தவறியதையும் உணர்ந்து, கண்டதையும் கண்ட முறையையும் அருகிலிருப்பார்க்குக் கற்பிக்க.