சஃப்தர் ஹாஷ்மி: தெருவையே மேடையாக்கிய ஒரு சிறு குழுவின் கதை

நாடகம், கூத்து என்றாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்கள் கவலையில் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு நாடகத்தை நடுவில் நிறுத்துவதற்காக இரும்புத் தடிகளோடும் துப்பாக்கியோடும் ஒரு கும்பல் வந்தது என்றால், அந்த நாடகத்தில் அப்படி என்னதான் இருந்தது என்று கேட்கத் தோன்றும் அல்லவா? 1989 ஜனவரி 1 அன்று டெல்லியை ஒட்டிய சாஹிபாபாத்தில் அதுதான் நடந்தது. அங்கே தாக்கப்பட்டு மறுநாள் உயிரிழந்தவர் சஃப்தர் ஹாஷ்மி. வயது 34.

இன்று நம் பிள்ளைகளில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்வோம்.

சஃப்தர் 1954 ஏப்ரல் 12 அன்று டெல்லியில் பிறந்தார். தந்தை ஹனீஃப் ஹாஷ்மி, தாய் கமர் ஆசாத் ஹாஷ்மி. வசதியான குடும்பம் அல்ல. சிறு வயதின் ஒரு பகுதி அலிகாரிலும் பிறகு டெல்லியிலுமாகக் கழிந்தது. வீட்டில் உருதும் புத்தகங்களும் அரசியல் பேச்சும் இருந்தன. பணம் மட்டும் இல்லை. படிப்பில் கெட்டிக்காரர். செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து, டெல்லிப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்தார். அந்தக் கல்லூரியில் படித்தவர்கள் பெரும்பாலும் எங்கே போய்ச் சேர்வார்கள் என்பது நமக்குத் தெரியும். இவர் போன இடம் வேறு.

1973ல் சில இளைஞர்கள் சேர்ந்து ஜன நாட்டிய மஞ்ச் என்ற குழுவைத் தொடங்கினார்கள். மக்கள் நாடக மேடை என்று பொருள். சுருக்கமாக 'ஜனம்' என்பார்கள். சஃப்தர் அதன் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். அரசு மானியம் இல்லை, செல்வந்தர்களின் ஆதரவு இல்லை, சொந்தமாக ஓர் அறைகூட இல்லை. மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் என்று, பகல் முழுக்கப் பிழைப்பைப் பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு ஓடி வருபவர்களே அதில் இருந்தார்கள்.

ஆரம்பத்தில் அவர்கள் போட்டது மேடை நாடகங்கள்தாம். 1975ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்த சமயம், நாற்காலி நாற்காலி நாற்காலி என்று பொருள்படும் பெயரில் ஒரு குறுநாடகத்தைத் திறந்தவெளியில் நடத்தினார்கள். ஒரு ராஜா சிம்மாசனத்தை விட்டு எழ முயல்கிறார். நாற்காலியும் அவரோடு ஒட்டிக்கொண்டே எழுகிறது. கதை அவ்வளவுதான். கூடி நின்று பார்த்தவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சில நாட்களில் நெருக்கடி நிலை வந்தது. இத்தகைய நாடகங்களுக்கு வழியே இல்லாமல் போனது. அந்தக் காலத்தில் சஃப்தர் டெல்லி ஜாகிர் ஹுசைன் கல்லூரியிலும், கர்வாலிலும், காஷ்மீரிலும் ஆசிரியப் பணி பார்த்தார்.

நெருக்கடி நிலை முடிந்து குழு மீண்டும் கூடியபோது ஒரு சிக்கல். முன்பு பெரிய நாடகங்களுக்கு இடமும் செலவும் கொடுத்த தொழிற்சங்கங்களின் கையில் இப்போது காசு இல்லை. சங்கங்களால் பெரிய நாடகத்தை அழைக்க முடியாது என்றால், நாம் சின்ன நாடகத்தைக் கொண்டுபோவோம் என்ற முடிவுக்கு வந்தார்கள். வீதி நாடகம் என்பது ஏதோ கலைக் கொள்கையிலிருந்து பிறந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். ஜனத்தைப் பொறுத்தவரை அது பணமில்லாமையிலிருந்து பிறந்தது. நமக்கு அதுவே மதிப்புக்குரியதாகப் படுகிறது.

முதல் வீதி நாடகத்துக்கான கரு காஸியாபாத்தின் ஹெரிக் இந்தியா என்ற தொழிற்சாலையிலிருந்து வந்தது. அங்கே தொழிலாளர்கள் கேட்டவை இரண்டு: சைக்கிள் நிறுத்த ஓர் இடம், தேநீர் குடிக்க ஒரு கேன்டீன். நிர்வாகம் மறுத்தது. போராட்டத்தின்போது காவலாளிகள் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒரு சைக்கிள் நிறுத்தத்துக்காக ஆறு உயிர்! சஃப்தரும் ராகேஷ் சக்சேனாவும் இதை வைத்து எழுதிய நாடகத்தின் பெயர் 'மெஷின்'. பதின்மூன்று நிமிடம்தான். திரை இல்லை, விளக்கு இல்லை, ஒப்பனை இல்லை. நடிகர்களே தம் உடலாலும் குரலாலும் ஓர் இயந்திரமாக மாறி ஓடுகிறார்கள். திடீரென்று அந்த இயந்திரம் நின்றுபோகிறது. ஏன் நின்றது என்பதே நாடகம்.

1978 நவம்பரில் டெல்லி தல்கத்தோரா அரங்கில் கூடிய ஆயிரக்கணக்கான தொழிற்சங்கப் பிரதிநிதிகள் முன்னால் அதை நடித்தார்கள். மறுநாள் லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் திரண்ட பேரணியிலும் நடித்தார்கள். வந்தவர்கள் ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டு ஊர் திரும்ப, 'மெஷின்' பல மொழிகளில் நடிக்கப்பட்டது.

அதன் பிறகு குழு ஓயவில்லை. டெல்லியில் பேருந்துக் கட்டணம் உயர்ந்தபோது சில மணி நேரத்தில் ஒரு நாடகத்தை எழுதி, ஒத்திகை பார்த்து, பேருந்து நிறுத்தங்களில் நடித்தார்கள். உழைக்கும் பெண்களின் நிலையைச் சொன்ன 'அவுரத்' 1979ல் வந்தது. அலிகார் கலவரத்தின் பின்னணியில் 'ஹத்யாரே' என்ற நாடகம் போட்டார்கள். கொலைகாரர்கள் என்று பொருள். பூட்டுத் தொழிலில் அருகருகே உட்கார்ந்து உழைத்த இரு சமூகத்தாரையும் பிரிப்பதால் யாருக்கு லாபம் என்று அது கேட்டது. சிறு வயதை அலிகாரில் கழித்த ஒருவர் எழுதிய நாடகம் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அந்தக் கேள்வியின் கனம் புரியும்.

சஃப்தர் பத்திரிகையாளராக இருந்தார். டெல்லியில் மேற்கு வங்க அரசின் செய்தித் துறை அதிகாரியாகவும் பணியாற்றினார். நல்ல வேலை. பிறகு அதை விட்டுவிட்டு முழுநேரமும் இயக்கப் பணிக்கு வந்தார். குழந்தைகளுக்காக எளிய பாடல்கள் எழுதினார்; படம் வரைந்தார்; தொலைக்காட்சிக்கும் எழுதினார். 1988ல் ஹபீப் தன்வீரோடு சேர்ந்து பிரேம்சந்தின் கதை ஒன்றை மேடை நாடகமாக்கினார். மனைவி மொலோயஸ்ரீ அதே குழுவின் நடிகை. பத்தாண்டுகளில் இந்தச் சிறு குழு 24 வீதி நாடகங்களைச் சுமார் 4,000 முறை நடித்திருந்தது. வருமானம்? நாடகம் முடிந்ததும் பார்த்தவர்கள் போட்ட சில்லறை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சஃப்தர் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினர். அவரது கொள்கையோடு நாம் உடன்பட வேண்டியதில்லை. அவரது உள்ளத்தைத் தீர்ப்பளிப்பதும் நம் வேலையல்ல. அதை அறிந்தவன் அல்லாஹ். ஆனால் கூலிக்காரனின் வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். கூலி மறுக்கப்பட்டவர்களுக்காகப் பேசிய ஒருவரின் கதையை நாம் கேட்காமல் இருக்க முடியாது.

1988 நவம்பரில் டெல்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் தொழிலாளர்கள் ஏழு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மாதம் 1,050 ரூபாய் குறைந்தபட்சக் கூலி என்பது முதன்மைக் கோரிக்கை. அதற்கு ஆதரவாகக் குழு போட்ட நாடகத்தையே பிறகு மாற்றி எழுதி 'ஹல்லா போல்' என்று பெயரிட்டார்கள். புத்தாண்டு நாளில் சாஹிபாபாத்தின் ஜண்டாபூரில், தொழிலாளர் குடியிருப்பு நடுவே அதை நடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது காஸியாபாத் நகராட்சித் தேர்தல் நேரம். காலை பதினோரு மணியளவில் காங்கிரஸ் ஆதரவு வேட்பாளர் முகேஷ் சர்மா தன் ஆட்களோடு அந்த வழியே வந்தார். நாடகம் முடியும்வரை கொஞ்சம் பொறுங்கள், அல்லது வேறு வழியில் போங்கள் என்று சஃப்தர் கேட்டுக்கொண்டார். தாக்குதல் தொடங்கியது.

நடிகர்கள் அருகிலிருந்த சி.ஐ.டி.யு. தொழிற்சங்க அலுவலகத்துக்குள் ஓடினார்கள். கும்பல் அங்கேயும் வந்தது. மற்றவர்கள் பின்சுவர் ஏறித் தப்பும்வரை சஃப்தர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவரை இழுத்துப் போட்டுத் தலையில் அடித்தார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளியை அங்கேயே சுட்டுக் கொன்றார்கள். சஃப்தரைப் பற்றி எழுதுபவர்கள் பலர் இந்த மனிதரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அவரும் அன்று அந்த இடத்தில் உழைப்பவராக வாழ்ந்து, அங்கேயே உயிரை விட்டவர்.

ஜனவரி 2 இரவு டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் சஃப்தரின் உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். மறுநாள் இறுதி ஊர்வலத்தில் டெல்லியின் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள்.

ஜனவரி 4. கணவரை இழந்து இரண்டு நாள் முடியவில்லை. மொலோயஸ்ரீ குழுவினரோடு அதே ஜண்டாபூருக்கு, அதே இடத்துக்குத் திரும்பினார். பாதியில் நின்ற 'ஹல்லா போலை' முழுமையாக நடித்து முடித்தார்கள். அடிபட்ட உடம்போடு வந்தவர்களும் அதில் இருந்தார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் கூடி நின்றது. நமது வழக்கத்தில் துக்க வீட்டுப் பெண் வெளியே வருவதை ஏற்க மாட்டோம் என்று சிலர் சொல்லலாம். அந்த நாளில் அவர் வராமல் இருந்திருந்தால் தடியெடுத்தவர்களே நாடகத்தை முடித்துவைத்தவர்கள் ஆகியிருப்பார்கள்.

தாய் கமர் ஆசாத் ஹாஷ்மி மகனின் வாழ்வை 'பாஞ்ச்வாம் சிராக்' என்ற நூலாக எழுதினார். ஐந்தாவது விளக்கு என்று பொருள். ஒரு தாய் தன் பிள்ளையின் வரலாற்றைத் தானே எழுத வேண்டி வந்தது. அன்று ஜண்டாபூரில் நடித்த இளைஞர்களில் ஒருவரான சுதன்வா தேஷ்பாண்டே, முப்பது ஆண்டுகள் கழித்து அந்த நாளையும் சஃப்தரின் வாழ்வையும் நூலாக்கினார். கலைஞர்கள் சேர்ந்து 'சஹ்மத்' என்ற அமைப்பை உருவாக்கினார்கள். ஏப்ரல் 12, அவர் பிறந்த நாள், தேசிய வீதி நாடக தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நீதி மட்டும் மெதுவாக வந்தது. பட்டப்பகலில், நூற்றுக்கணக்கானோர் பார்க்க நடந்த கொலை. காஸியாபாத் நீதிமன்றம் முகேஷ் சர்மா உள்ளிட்ட பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது 2003 நவம்பரில். பதினான்கு ஆண்டுகள்! வழக்கு, வாய்தா, சாட்சி என்று நீதிமன்ற வாசலில் காலம் கழித்த குடும்பங்கள் நம் சமுதாயத்தில் நிறைய உண்டு. அந்தப் பதினான்கு ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்பதை அவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜனம் இன்றும் இருக்கிறது. 2012ல் டெல்லி ஷாதிபூரில், உழைக்கும் மக்கள் வாழும் பகுதியில், 'ஸ்டுடியோ சஃப்தர்' என்ற சிறிய அரங்கை அமைத்தார்கள். சொந்த அறைகூட இல்லாமல் தொடங்கிய குழுவுக்கு ஓர் இடம் கிடைக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. ஆனாலும் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அவர்கள் ஜண்டாபூருக்குப் போகிறார்கள். அதே தெருவில் நாடகம் போடுகிறார்கள்.